ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளங்கள்

தாதர் ரயில் நிலையத்தின் மேம்பாலத்தில் நிற்கும் ஒருவருக்கு மாட்டுங்கா செல்ல இரண்டு தடங்கள் உண்டு. மத்திய ரயில்வேத் தடத்தில், வடக்கே செல்லும் நின்று போகும் வண்டியில் ஏறினால் அடுத்த நிலையம் மாட்டுங்கா. மேற்கு ரயில்வேத் தடத்தில் ஏறினால் அடுத்த நிலையம் மாட்டுங்கா ரோடு. பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் இரண்டும் வெவ்வேறு நிலையங்கள். எந்த வண்டி என்பதைப் பாலத்தின் மேல் நிற்கும்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வண்டி புறப்பட்ட பிறகு தடம் மாற இயலாது. இறங்கித் தாதருக்கே திரும்பிவந்து மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.

ஒரு கணிப்பொறியில் இரண்டு இயங்குதளங்களைக் குடியமர்த்துவதும் ஏறத்தாழ இத்தகைய ஏற்பாடே. பொறிக்கு மின்சாரம் கிடைத்ததும், எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்று கேட்டுத் தடம் பிரித்துவிடும் சிறு நிரல் ஒன்று உண்டு. அதற்குப் பூட்லோடர் என்று பெயர். அதைப் பற்றியும், அதை நம் இல்லங்களில் ஒழுங்காக அமைத்துக்கொள்ளும் முறை பற்றியும் இன்று பேச எண்ணுகிறோம்.

இது பொறியியல் கற்றவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அன்றோ என்று சிலர் ஐயுறலாம். அப்படியன்று. 2025 அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. கூடுதல் காலம் வேண்டுவோர்க்குத் தவணை உண்டு. ஆயினும் தவணை தவணையே. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் குறிப்பிட்ட வகைச் செயலிகளும் உள்ள பொறிகளையே முறைப்படி ஏற்கும். ஆகவே, உடலில் ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கும் பல கணிப்பொறிகள் காகிதத்தில் மட்டும் கிழவாகிவிட்டன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும், இரண்டு மூன்று பேர் முறை வைத்து உபயோகிக்கும் ஒரே கணிப்பொறிதான் பல வீடுகளின் சொத்து. பிள்ளையின் பாடம், இல்லத்தரசியின் வங்கிக் கணக்கு, பெரியவரின் ஓய்வூதியத் தாள்கள், ஊரிலுள்ள உறவினரோடு முகம் பார்த்துப் பேசும் பேச்சு யாவும் அதில் அடக்கம். அதைக் கழித்துவிட்டுப் புதிது வாங்குவது எல்லோர்க்கும் எளிதன்று. பழையதை வைத்துக்கொண்டே அதன் பக்கத்தில் லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றையும் அமைத்துக்கொள்வது, சிக்கனமானதும் நிதானமானதுமான வழி.

முதலில் இரண்டு சொற்களின் பொருளைத் தெரிந்துகொள்வோம். கெர்னல் என்னும் சொல் வானொலியில் கேட்பவர்க்குப் படைத்தளபதியை நினைவூட்டலாம். இது அந்தக் கர்னல் அன்று. கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் பருப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இது. நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை ஆகிய உறுப்புகள் அனைத்தையும் ஆண்டு, இன்ன நிரலுக்கு இன்ன பங்கு என்று பிரித்துக்கொடுக்கும் உள்ளீடே இயங்குதளத்தின் கெர்னல். தமிழில் கரு என்று சிலர் எழுதுவர். பருப்பு என்றால் அடுக்களை வாசம் வீசும் என்பதால் கெர்னல் என்றே சொல்லிச் செல்வோம். பூட் என்பது, தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்னும் வேடிக்கையான ஆங்கில வழக்கிலிருந்து வந்தது. வேடிக்கைக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. வட்டிலுள்ள நிரலைப் படித்து ஓட்ட ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் வட்டில்தான் இருக்கிறது. அப்படியானால் முதல் நிரலைப் படிப்பது யார்?

இந்தச் சிக்கலைப் படிப்படியாக ஏறித் தீர்த்தார்கள். கணிப்பொறியின் தாய்ப்பலகையிலேயே பதிந்துள்ள சிறு மென்பொருள் முதலில் விழிக்கிறது. 1981-இல் வந்த ஐ.பி.எம். தனிக்கணினியில் அதற்குப் பயாஸ் என்று பெயர். அது வட்டின் முதல் துண்டான 512 பைட்டுகளை மட்டும் படித்து, அதனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். பின்னாளில் வழங்கிய முறைப்படி, அந்த 512-இல் 64 பைட்டுகள் வட்டு எவ்வாறு பாகப்பிரிவினை செய்யப்பட்டுள்ளது என்னும் அட்டவணைக்கும், 2 பைட்டுகள் முத்திரைக்கும் போய்விடும். நிரலுக்கு எஞ்சுவது 446 பைட்டுகளே. இணையத்தில் பெரிதும் வழங்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள் ஆகும். அந்தக் கணக்கில் 150 குறிகள்கூட அங்கே கொள்ளா. நலம் விசாரித்து எழுதும் அஞ்சலட்டைக்கே அது போதாது. ஆகவே அந்த முதற்படி, தான் நிற்கும் இடத்திலிருந்து அடுத்த படியைக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டது. தற்காலப் பொறிகளில் பயாஸின் இடத்தை யு.இ.எஃப்.ஐ. என்னும் அமைப்பு பிடித்துள்ளது. அது வட்டில் தனியே ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பாகத்தில் தொடக்க நிரல்களைக் கோப்புகளாகவே வைத்திருக்கும். எதை முதலில் எழுப்புவது என்னும் வரிசையைத் தன் நினைவில் குறித்துக்கொள்ளும்.

லினக்ஸ் உலகில் தொடக்க காலத்தில் பெரிதும் வழங்கியது, வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் இயற்றிய லிலோ என்னும் பூட்லோடர். கெர்னல் வட்டின் எந்தெந்தத் துண்டுகளில் இருக்கிறது என்பதை அது முன்னதாகவே எண்களாகக் குறித்துவைத்துக்கொள்ளும். தெருவின் பெயரோ வீட்டின் பெயரோ அதற்குத் தெரியாது. முனையிலிருந்து இத்தனை காலடி என்று மட்டும் அறிந்த தபால்காரரைப் போன்றது அது. புதிய கெர்னலை வைத்துவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தால், மறுநாள் காலையில் பொறி எழாது. 1995-இல் எரிக் போலின் என்பவர் தொடங்கிய கிரப் வேறு வழியில் சென்றது. வட்டின் கோப்பமைப்பைத் தானே படித்து, பெயரைக்கொண்டு கெர்னலைத் தேடிக் கண்டுபிடிக்க அது கற்றுக்கொண்டது. ஒவ்வோர் இயங்குதளமும் தனக்கென்று ஒரு தொடக்க நிரலை வைத்துக்கொண்டு பிறரை அண்டவிடாதிருந்த நிலையில், பல கெர்னல்களுக்கும் பொதுவான ஓர் உடன்பாடு வேண்டும் என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்தே பிறந்தது. லிலோவின் வளர்ச்சிப் பணி 2015-உடன் நின்றது. கிரப்பின் இரண்டாம் தலைமுறையே இன்று பெரும்பாலான லினக்ஸ் பொறிகளில் வாயில் காக்கிறது.

அந்த வாயில் காப்போன் செய்வது இதுதான். திரையில் ஒரு பட்டியலைக் காட்டுகிறது. சில விநாடிகள் காத்திருக்கிறது. நாம் லினக்ஸைத் தேர்ந்தால், அதன் கெர்னலையும், வட்டைத் திறக்க அதற்கு வேண்டிய சில்லறைக் கருவிகள் அடங்கிய சிறு மூட்டை ஒன்றையும் நினைவகத்தில் ஏற்றி, ஆட்சியை ஒப்படைத்து விலகிக்கொள்கிறது. விண்டோஸைத் தேர்ந்தால், விண்டோஸின் கெர்னலைத் தானே தொடுவதில்லை; விண்டோஸுக்கு உரிய தொடக்க நிரலிடம் நம்மைச் சேர்ப்பித்துவிடுகிறது. எவ்வாறாயினும் ஒரு நேரத்தில் ஒரு கெர்னல்தான் ஆளும். மற்றதற்கு மாற வேண்டுமானால் பொறியை அணைத்து மறுபடி எழுப்ப வேண்டும்.

இனி அமைக்கும் முறைக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முந்திய காரியம், வட்டிலுள்ள கோப்புகளுக்கு வேறொரு வட்டில் படி எடுத்துவைப்பது. எடுத்தால் மட்டும் போதாது. அந்தப் படி திறக்கிறதா என்று வேறொரு பொறியில் பார்த்துவிடவும் வேண்டும். விண்டோஸ், பிட்லாக்கர் என்னும் பூட்டால் வட்டைப் பூட்டியிருக்கக் கூடும். அதன் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே மேலே செல்ல வேண்டும். தொடக்க ஏற்பாடு சற்று மாறினாலும் அந்தப் பூட்டு சந்தேகம் கொண்டு மீட்பு எண்ணைக் கேட்கும். எண் இல்லையெனில் வட்டிலுள்ள யாவும் எட்டாக்கனிதான்.

அடுத்து, விண்டோஸில் விரைவுத் தொடக்கம் என்னும் வசதியை நிறுத்திவிட வேண்டும். அந்த வசதி இருக்கும்வரை, நாம் அணைத்துவிட்டதாக எண்ணும் விண்டோஸ் உண்மையில் அரைத் தூக்கத்தில் இருக்கும். தூங்குபவரின் பெட்டியை வேறொருவர் திறந்து பொருள்களை இடம் மாற்றினால் விழித்ததும் என்ன குழப்பம் நேருமோ, அதே குழப்பம் இங்கும் நேரும். பின்னர் விண்டோஸின் வட்டு நிர்வாகக் கருவியைக் கொண்டே அதன் பாகத்தைச் சற்றுச் சுருக்கி, லினக்ஸுக்கு இடம் ஒழிக்க வேண்டும். ஒண்டுக்குடித்தனம் வைப்பவர், வரப்போகிறவர்க்கு முன்னதாகவே ஓர் அறையை ஒழித்துத் தருவதைப் போன்றது இது. எந்த அறை யாருக்கு என்பது தெளிவாக இருந்தால் பின்னால் சண்டை வராது.

லினக்ஸை உடனே நிறுவிவிட வேண்டியதில்லை. விரலளவுள்ள யு.எஸ்.பி. நினைவகத்தில் அதை ஏற்றி, வட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். கம்பியில்லா இணைப்பு கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா, தமிழ்99 விசைப்பலகையில் எழுத்துகள் சரியாக விழுகின்றனவா என்று இரண்டொரு நாள் சோதித்துப் பார்த்து, திருப்தியானால் நிறுவலாம். நிறுவும்போது, வட்டு முழுவதையும் அழிப்பதா, இருப்பதன் பக்கத்தில் அமைப்பதா என்னும் கேள்வி வரும். அங்கே அவசரப்படலாகாது, பக்கத்தில் அமைப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் யு.இ.எஃப்.ஐ. முறையில் எழுவதானால் லினக்ஸையும் அதே முறையில் நிறுவ வேண்டும். ஒன்று பழைய முறையிலும் மற்றது புதிய முறையிலும் இருந்தால், ஒன்றின் பட்டியலில் மற்றதை எழுப்ப இயலாது. செக்யூர் பூட் என்னும் காவலைக் கண்டும் அஞ்ச வேண்டா. பெரிய லினக்ஸ் பதிப்புகள் பலவற்றின் முதல் தொடக்க நிரல் மைக்ரோசாப்டின் கையொப்பம் பெற்றே வருகிறது.

நிறுவிய பின் பட்டியலை நம் விருப்பப்படி ஒழுங்கு செய்யலாம். கிரப் படிக்கும் இறுதிக் கோப்பு ஒன்று உண்டு; அதை நேரே திருத்துவது வீண் வேலை, அடுத்த புதுப்பிப்பில் அது புதிதாக எழுதப்பட்டுவிடும். இ-டி-சி என்னும் அடைவில், டிஃபால்ட் என்னும் உள்ளடைவில், கிரப் என்ற பெயரிலேயே உள்ள சிறு கோப்பில்தான் நம் விருப்பங்களை எழுத வேண்டும். எழுதியபின் டெபியன், உபுண்டு வகை லினக்ஸுகளில் அப்டேட்-கிரப் என்னும் கட்டளையைக் கொடுத்தால் இறுதிக் கோப்பு தானே உருவாகும். அந்தச் சிறு கோப்பில் மூன்று விருப்பங்கள் முக்கியமானவை. காத்திருக்கும் நேரம் ஒன்று. முதியவர்கள் உள்ள வீட்டில் அதைப் பத்து விநாடியாவது வைப்பது நலம். யாரும் விசையைத் தொடாவிட்டால் எதை எழுப்புவது என்னும் இயல்புத் தேர்வு மற்றொன்று. கிரப் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பதை இங்கே நினைவில் கொள்க. பட்டியலின் முதல் வரி அதற்குப் பூஜ்யம். எண்ணுக்குப் பதில், சென்ற முறை தேர்ந்ததையே நினைவில் வைக்குமாறும் சொல்லலாம். மூன்றாவது, பிற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் ஓ.எஸ். புரோபர் என்னும் துணைநிரல் பற்றியது. 2021-இல் வந்த 2.06-ஆம் பதிப்பிலிருந்து, பாதுகாப்புக் கருதி அந்தத் தேடலை இயல்பாகவே நிறுத்திவைத்திருக்கிறார்கள். லினக்ஸ் நிறுவியபின் விண்டோஸைக் காணோமே என்று கலங்கும் பலருக்கு விடை இதுவே. விண்டோஸ் எங்கும் போய்விடவில்லை. தேடச் சொல்லி ஒரு வரி எழுதினால் பட்டியலில் வந்து நிற்கும்.

இனிச் சொல்வதே பூட்லோடரின் தலையாய பயன் என்பது நம் அபிப்பிராயம். விண்டோஸா லினக்ஸா என்று கேட்பதோடு அதன் வேலை தீரவில்லை. லினக்ஸுக்குள்ளேயே கெர்னல்கள் அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் அவற்றின் வழியே வருவதால் புதுப்பிப்பை ஒத்திப்போடவும் கூடாது. ஆயினும் புதிய கெர்னல் எல்லாப் பொறிகளோடும் இணங்கிப் போகும் என்று உறுதி கூற இயலாது. திரை இருண்டுவிடலாம், கம்பியில்லா இணைப்பு மாயமாகலாம். அதற்காகத்தான் புதியது வந்ததும் பழைய கெர்னலை உடனே அழித்துவிடாமல் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் மேம்பட்ட தேர்வுகள் என்னும் பொருளில் ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் பழைய கெர்னல் தன் எண்ணோடு அங்கே காத்திருக்கும். நேற்றுவரை பழுதின்றி ஓடிய அதைத் தேர்ந்தால், வீட்டின் வேலை அன்று நிற்காது. குறையை ஆறஅமர ஆராயலாம். பட்டியல் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்தால், பொறி எழும் தறுவாயில் எஸ்கேப் விசையை அழுத்தினால் பெரும்பாலும் வெளிப்படும். பயாஸ் வகைப் பழைய பொறியானால் ஷிஃப்ட் விசையைப் பிடித்திருக்க வேண்டும். கெர்னல்கள் சேர்ந்து சேர்ந்து இடம் அடைத்துக்கொண்டால் பழையவற்றைக் களையலாம். ஆனால் நன்றாக ஓடியதென்று கையால் கண்ட ஒன்றையேனும் எப்போதும் நிறுத்திவைக்க வேண்டும்.

இரு குடும்பம் வாழும் இடத்தில் சிறு பிணக்குகள் வராமல் இரா. முதற்பிணக்கு கடிகாரத்தைப் பற்றியது. தாய்ப்பலகையிலுள்ள கடிகாரம் உள்ளூர் நேரம் காட்டுவதாக விண்டோஸ் எண்ணிக்கொள்ளும். லினக்ஸோ அதில் உலகப் பொது நேரத்தை வைக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆகவே லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறியதும், காலை பத்து மணிக்குக் கடிகாரம் விடியற்காலை நாலரை என்று சொல்லும். பொறி பழுதாகிவிட்டதோ என்று அஞ்ச வேண்டா. இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு இணங்கச் செய்தால் தீர்ந்தது. இரண்டாவது, விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஏதேனும் வந்தபின் கிரப்பின் பட்டியலே தோன்றாமல் பொறி நேரே விண்டோஸுக்குப் போய்விடுவது. யு.இ.எஃப்.ஐ. பொறிகளில், பெரும்பாலும் தொடக்க வரிசை மாறியதே காரணமாயிருக்கும். பொறி எழும்போது அதன் அமைப்புத் திரையைத் திறந்து லினக்ஸை மறுபடி முதலில் வைத்தால் போதும். மூன்றாவது எச்சரிக்கை: ஆதரவு முடிந்த விண்டோஸை, அதிலன்றி வேறெதிலும் ஓடாத பழைய மென்பொருளுக்காக மட்டும் வைத்துக்கொள்க. இணையத்தையும் வங்கிக் கணக்கையும் புதுப்பிப்புகள் தவறாமல் பெறும் இயங்குதளத்தில் வைத்துக்கொள்வதே விவேகம்.

நம் நாட்டில் இந்த ஏற்பாடு பரந்த அளவில் சோதிக்கப்பட்டதுண்டு. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் லினக்ஸ் பதிப்பை உருவாக்கியது. அதன் முதல் பதிப்பு 2007-இல் வந்தது. இந்திய மொழிகளில் பணிபுரிய உதவுவது அதன் நோக்கங்களில் ஒன்று. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற கணினிகள் பலவற்றில், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே அமைந்திருந்தன. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிவுற்ற சமயத்தில், அரசுத் துறைகளில் பாஸ் லினக்ஸை நிறுவுமாறு தமிழக அரசு அறிவுறுத்தியது. ஆக, இன்று நம் வீட்டு வாயிலில் நிற்கும் கேள்வி புதிதன்று.

அந்த மடிக்கணினித் திட்டத்தை நினைக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. இரண்டு இயங்குதளங்களைக் கையில் கொடுப்பது வேறு. தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுப்பது வேறு. பட்டியல் சில விநாடிகளே காத்திருக்கும். விசையைத் தொடத் தெரியாதவர்க்கு, இயல்புத் தேர்வை எழுதிவைத்தவர் யாரோ அவரே நாள்தோறும் தீர்மானிக்கிறார். ஆகவே வீட்டில் கணிப்பொறி அறிந்தவர் ஒருவர் இதை அமைத்துத் தந்தால் மட்டும் போதாது. மற்றவர்களையும் அருகில் உட்காரவைத்து, அம்புக்குறி விசையால் மேலும் கீழும் நகர்ந்து ஒன்றைத் தேர்வது எப்படி, பழைய கெர்னலுக்குப் போவது எப்படி என்று அவர்கள் கையாலேயே ஒருமுறை செய்துபார்க்கச் சொல்ல வேண்டும். தமிழிலேயே லினக்ஸ் கற்க விரும்புவோர்க்கு, நம் நகரின் பொவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழ் ஒலியுடன் கூடிய பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நாம், புதிய மொழியைக் கற்பதற்காகத் தாய்மொழியை அழித்துவிடவில்லை. இடத்துக்கு ஏற்பத் தேர்ந்து பேசுகிறோம். இயந்திரத்துக்கும் அந்த வசதியைச் செய்துகொடுக்க இயலும் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. அமைத்து முடித்தபின் ஒரு காரியம் மட்டும் மறவாமல் செய்க. பொறியின் அமைப்புத் திரையைத் திறக்கும் விசை எது, பிட்லாக்கரின் மீட்பு எண் என்ன, நன்றாக ஓடிய கெர்னலின் எண் என்ன என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ரேஷன் அட்டையும் காப்பீட்டுப் பத்திரமும் இருக்கும் உறையிலேயே பத்திரப்படுத்துக. பொறி எழாத நாளில் அந்தக் குறிப்புகளைப் பொறிக்குள் தேட இயலாது.